ஜாடி மூடியில் ஒரு பச்சைப் பொட்டு

அம்மா விட்டுச் சென்றவற்றில் எனக்குப் புரியாமல் போனவை நான்கு ஜாடிகள்.

மற்றவற்றில் குழப்பமில்லை. புடவைகளைப் பெரியம்மா எடுத்துக்கொண்டார். மிச்சமிருந்த மாத்திரைகளை மருந்துக்கடையில் கொடுத்தேன். கைப்பேசியில் அவளுடைய காலை அலாரம் அடித்தது, அணைத்தேன். ஜாடிகளை மட்டும் என்ன செய்வதென்று தெரியவில்லை. அவற்றில் உயிர் இருந்தது.

துவைக்கும் இயந்திரத்துக்கு மேலே அப்பா அடித்துக் கொடுத்த பலகையில் வரிசையாக நின்றன. மிட்டாய்க் கடையில் வைத்திருக்கும் அகல வாய் பிளாஸ்டிக் ஜாடிகள். உள்ளே பச்சை கலந்த உப்புநீர். மூடியில் போட்ட ஓட்டை வழியாக ஒவ்வொன்றிலும் ஒரு மெல்லிய குழாய் இறங்கியது. குழாய் நுனியில் ஒரு குமிழி வரும். சற்று யோசித்து இன்னொன்று வரும். பக்கத்தில் விளக்கடியில் இரண்டு பாட்டில்கள், அவற்றில் அடர்பச்சைத் தண்ணீர். எது எதற்கு என்று எனக்குத் தெரியாது. அம்மா இதைத் தொடங்கியபோது நான் வேறு ஊரில் வேலையில் இருந்தேன். தொலைபேசியில் சொல்வாள், "பொடிசுங்க நல்லாப் பெருகுதுடி." நான் ம் போடுவேன்.

நெஞ்சுவலி என்று காலையில் ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பவில்லை. யாரிடமும் எதையும் ஒப்படைக்க நேரமில்லை.

உறவினர்கள் எல்லாரும் கிளம்பிய பிறகு அப்பா கூடத்தில் வந்து நின்றார்.

"பாப்பா, மாப்பிள்ளைக்குச் சாப்பாடு யார் போடறது?"

எனக்குத் திருமணமாகவில்லை. எங்கள் வீட்டில் மாப்பிள்ளை என்றால் கூடத்துக் கடல்நீர்த் தொட்டியில் இருக்கும் மீன். விரல் நீளம்தான். உடம்பெங்கும் நீலம், ஆரஞ்சு, பச்சை, சுருள் சுருளாக. இவ்வளவு அலங்காரத்தோடு உட்கார்ந்துகொண்டு, முன்னால் வைக்கும் எதையும் தொடாது. கடையில் விற்கும் மீன் தீனி வேண்டாம். உறைந்த இறால் வேண்டாம். மூக்கைத் திருப்பிக்கொண்டு போய்விடும். அதனால் அப்பா வைத்த பெயர்.

அது தின்பது ஒன்றைத்தான். கல்லிலும் தொட்டிச் சுவரிலும் ஊரும், தூசி அளவே உள்ள, இறால் இனத்து உயிர்கள். உயிரோடு இருக்க வேண்டும். புத்தகத்தில் துடுப்புக்காலிகள் என்று போட்டிருக்கிறது. வளர்ப்பு மீன் விற்கும் மீன்கடைக்காரர் காபிபாட் என்பார். அம்மாவுக்குப் பொடிசுங்க. விளக்கு எரியும் நேரமெல்லாம் மாப்பிள்ளை அவற்றைக் கொத்திக்கொண்டே இருக்கும். எங்கள் தொட்டி சின்னது. அதன் பசிக்கு அங்கே தானாகப் பெருகுவது போதாது. தனியாக வளர்த்து ஊற்ற வேண்டும். ஜாடிகள் அதற்கு. பாட்டிலில் இருந்தது பாசி நீர். அது பொடிசுகளுக்கு உணவு.

இவ்வளவும் மீன்கடைக்காரர் தொலைபேசியில் சொல்லித்தான் தெரிந்தது.

"வீட்டுக்கு வந்த ஒரே மாப்பிள்ளை," என்றார் அப்பா. "இவனையாவது பட்டினி போடாம வச்சுக்கோ."

கேலியா கெஞ்சலா என்று முகத்தைப் பார்த்தேன். முகம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அம்மாவைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் பிறகு நடந்தது விளங்கும்.

அவள் பெயின்ட் கடையில் வேலை பார்த்தவள். டப்பாக்களில் சீட்டு ஒட்டத்தான் சேர்ந்தாள். ஒருநாள் யாரோ பாதிச் சுவரில் பெயின்ட் தீர்ந்துபோய், சுவரிலிருந்து பெயர்த்த சில்லு ஒன்றைத் தீப்பெட்டியில் வைத்து எடுத்து வந்திருக்கிறார். கலர் கலக்குபவர் கலக்கிக் கலக்கிப் பார்த்தும் சேரவில்லை. பின்னாலிருந்து அம்மா, "துளி கறுப்பு விடுங்கண்ணே" என்றாள். சேர்ந்துவிட்டது. அதன் பிறகு அவள் சீட்டு ஒட்டவில்லை. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அவள் கலரக்கா. தெருவில் போனால் கொத்தனார்கள் நிறுத்திப் பேசுவார்கள்.

அவளுக்கு வெள்ளை என்று ஒன்று கிடையாது. வெள்ளைகள் உண்டு. பள்ளியிலிருந்து நான் காய்ச்சலோடு வந்தால் நெற்றியைத் தொடுவதற்கு முன்பே, "ரெண்டு ஷேடு ஏறியிருக்கு, போய்ப் படு" என்பாள். அப்பா ஒளிந்து சிகரெட் பிடித்துவிட்டு வந்தால், "விரல் ஐவரி ஆயிடுச்சு போல?" என்பாள். அப்பா பேருந்து ஓட்டியவர். அவருடைய பதில் எப்போதும் ஒன்றுதான்.

"எனக்குத் தெரிஞ்ச கலர் மூணுடி. சிவப்புன்னா நில்லு, மஞ்சள்னா பாரு, பச்சைன்னா போ. உன்னைப் பச்சைன்னு நெனச்சுத்தான் கட்டினேன்."

"நெனச்சு?"

"சிவப்பு."

பெயின்ட் கடைகளில் ஒரு வழக்கம் உண்டு. கலந்து முடித்து மூடியை அடித்து மூடியதும், விரல் நுனியால் அதே பெயின்டை மூடிமேல் ஒரு பொட்டு வைப்பார்கள். காய்ந்ததும் அதுதான் அடையாளம். டப்பாவைத் திறக்காமலே உள்ளே என்ன கலர் என்று தெரியும். அம்மா அந்தக் கையை வீட்டுக்கும் கொண்டுவந்தாள். சமையலறை டப்பா ஒவ்வொன்றின் மூடியிலும் ஒரு பொட்டு. மிளகாய்த்தூளுக்குச் சிவப்பு, காப்பித்தூளுக்குப் பழுப்பு. இதில் தகராறு இல்லை. தகராறு உப்புக்கும் சர்க்கரைக்கும். இரண்டுக்கும் வெள்ளைப் பொட்டு.

"ரெண்டும் ஒண்ணா? இது பால் வெள்ளை, இது சுண்ணாம்பு வெள்ளை. கண்ணு பிடரியிலயா இருக்கு?"

எனக்கும் அப்பாவுக்கும் அந்த வித்தியாசம் கடைசிவரை பிடிபடவில்லை. நாக்கில் வைத்துப் பார்த்துத்தான் போடுவோம். அவசரத்தில் காப்பியில் உப்பு விழும். போன வருடம் நான் விடுமுறையில் வந்திருந்தபோது அம்மாவே காப்பியில் உப்பைப் போட்டுக் கொடுத்தாள். அப்பா துள்ளி எழுந்து, "கலரக்கா அவுட்!" என்று கத்தினார். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அவளும் சிரித்தாள். தம்ளரை வாங்கிக் கழுவிவிட்டு வேறு போட்டுத் தந்தாள்.

ஜாடிகளிலும் பொட்டு இருந்தது. மூடியில் ஒன்று, தண்ணீர் மட்டத்துக்குப் பக்கத்தில் ஜாடியின் வெளிப்புறம் ஒன்று. இரண்டும் ஒரே பச்சை. மூன்று ஜாடிகளில் அப்படி. நான்காவதில் உப்புநீர் வழிந்து வழிந்து பொட்டு உரிந்து போயிருந்தது.

பொட்டைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. இதுவரை எதுவும் புரியாத இடத்தில் ஒன்று புரிந்தது. உள்ளே இருக்க வேண்டிய நிறம் இது. இது வரும்வரை பாசி நீரை ஊற்ற வேண்டும்.

என் தொழிலும் அதுதான். நிறம் அளக்கும் கருவிகளைச் சரிபார்க்கிறேன். தரநிறத் தகடு ஒன்று பஞ்சுப்பெட்டியில் வரும். கருவி சொல்வதும் தகடும் ஒத்துப்போகவில்லையென்றால், தவறு கருவியுடையது. தகட்டை யாரும் சந்தேகப்படுவதில்லை. அதைச் சந்தேகப்பட்டால் மேலே வேலை நடக்காது.

இருந்தாலும் மீன்கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டேன்.

"எவ்வளவு ஊத்தணும்ணே?"

"தண்ணி லைட்டாப் பச்சையா ஆகணும்மா."

"லைட்டான்னா எவ்வளவு?"

"லைட்டான்னா லைட்டாத்தாம்மா. அதுக்கு என்ன மீட்டரா இருக்கு?"

இருக்கிறது, என் பையிலேயே இருக்கிறது என்று சொல்லவில்லை. அவர் வேறொன்றும் சொன்னார். "உங்கம்மா மொத மொத வந்து நின்னது இன்னும் ஞாபகம் இருக்கு. மாப்பிள்ளை வெளுத்துட்டான்னாங்க. வந்து பாத்தேன், மீன் பளபளன்னு இருக்கு. நல்லாத்தானே இருக்கான்னா, இல்ல, நீலம் எறங்கிடுச்சு, பசிங்கறாங்க. கலரக்கா சொன்னா அப்பீல் ஏது? சரி, காபிபாட் வளத்து ஊத்துங்கன்னு ஒரு பாட்டில் குடுத்தேன். இப்ப என் கடைக்கே அவங்ககிட்டேர்ந்துதான் வரும். வந்துட்டிருந்துச்சு."

நல்லாயிருந்த மீனுக்கு எதற்கு இவ்வளவு பாடு? அதுவும் புரியவில்லை. ஓரமாக வைத்துவிட்டு வேலையைப் பார்த்தேன்.

ஊற்றினேன். தண்ணீர் பச்சையானது, பொட்டின் பச்சை வரவில்லை. இன்னும் ஊற்றினேன். அடர்ந்தது, அந்தப் பச்சை வரவில்லை. பொட்டில் நீலச் சாயல் இருந்தது. தண்ணீரில் மஞ்சள் சாயல். கருவியை வைத்து இரண்டையும் அளந்தேன். கருவியும் அதையேதான் சொன்னது. பாசி நீர் நீர்த்துப்போயிருக்கும், அதனால்தான் நிறம் ஏறவில்லை என்று முடிவுசெய்து, பாட்டிலின் அடியில் படிந்திருந்த கெட்டியை எடுத்து ஊற்றினேன். மூன்று ஜாடிக்கும்.

நான்காவதைத் தொடவில்லை. அதில் பொட்டு இல்லை. எதை நோக்கி ஊற்றுவது?

அப்பா காலையில் எழுந்ததும் நேராகத் தொட்டியருகே போய் உட்கார்ந்துகொள்வார். அம்மா இருந்தவரை தொட்டிப் பக்கம் எட்டிப் பார்க்காதவர். அங்கிருந்தே எனக்குச் செய்தி வரும். "கொத்தறான்." "சும்மா உக்காந்திருக்கான்." "என்னை மொறைக்கறான் பாப்பா." ஒருநாள் வேறு செய்தி வந்தது.

"பாப்பா, ஏதோ நாறுதே."

முட்டை அழுகிய நாற்றம். முதல் ஜாடியின் அடியில் வெள்ளையாக மாவு போலப் படிந்திருந்தது. மாவு இல்லை. அத்தனையும் பொடிசுகள். தண்ணீரை மாற்றினேன். மறுநாள் இரண்டாவது ஜாடி. காற்றைக் கூட்டினேன். பிறகு மூன்றாவது. அளந்துதான் செய்தேன். ஒவ்வொரு முறையும் அளந்தேன்.

மீன்கடைக்காரர் வந்தார். ஜாடிகளை முகர்ந்து முகம் சுளித்தார்.

"என்னம்மா, சோத்துக்குள்ள ஆளையே பொதைச்சுட்டீங்க?"

"அம்மா வச்ச பொட்டுக்குத்தான் ஊத்தினேன்."

"எந்தப் பொட்டு? இதுவா?" மூடியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "இவ்வளவு பச்சையா உங்கம்மா ஒருநாளும் வச்சதில்லையே. தெளிவா இருக்கும். ஊத்தினதைத் தின்னு முடிச்சுத் தண்ணி தெளிஞ்ச பிறகுதான் அடுத்த வேளை போடுவாங்க. நான் கண்ணால பாத்திருக்கேன்."

"அப்போ பொட்டு?"

"அதை அவங்களைத்தான் கேக்கணும்." சொன்ன பிறகு சங்கடப்பட்டு நான்காவது ஜாடிக்குப் போனார். கைப்பேசி வெளிச்சத்தை அடித்தார். "அட, இதுல இருக்கே! இதுக்கு என்ன போட்டீங்க?"

"ஒண்ணும் போடல."

"அதான்."

குனிந்து பார்த்தேன். ஏறக்குறைய தெளிந்த நீர். சுவரில் வெள்ளைப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் நின்று, திடீரென்று துள்ளி, மறுபடி நின்றது. சில புள்ளிகளின் பின்னால் முட்டைப் பை தொங்கியது. இத்தனை நாளில் அவற்றை நான் உற்றுப் பார்ப்பது அதுதான் முதல்முறை. நான் பார்த்துக்கொண்டிருந்ததெல்லாம் தண்ணீரின் நிறம்.

பிறகு அவர் கூடத்துக்கு வந்து மாப்பிள்ளையைப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது.

"வயிறு ஒட்டியிருக்கு. இந்த ஜாடியில இருக்கறதை இப்பவே ஊத்தினா ரெண்டு மூணு வேளைக்கு வரும். அப்புறம் விதைக்கு ஒண்ணும் மிஞ்சாது. ஊத்தாம வச்சிருந்து பெருக்கினா, பெருகறதுக்குள்ள இவன் இருக்க மாட்டான்." அப்பா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "பல் டாக்டர் கிளினிக்ல பெரிய தொட்டி ஒண்ணு பாத்துக்கறேன். கல்லெல்லாம் காபிபாட் தானா ஊருது. ஞாயித்துக்கிழமை வரேன், அங்க விட்டுடலாம். யோசிச்சு வைங்க."

அவர் போனதும் அப்பா சொன்னார், "வீட்டு மாப்பிள்ளையை யாராவது தூக்கிக் குடுப்பாங்களா? பேச வந்துட்டான்."

அந்த மீனுக்காக அம்மா காலையில் எழுந்தாள். அது என் கையில் சாவதை என்னால் பார்க்க முடியாது. இது மட்டும் தெளிவாகத் தெரிந்தது. மற்றதெல்லாம் கலங்கல். அம்மாவின் கண் தவறாது. பொட்டு அம்மா வைத்தது. பொட்டின்படி செய்தேன். செத்துப்போயின. இந்த நான்கில் ஏதோ ஒன்று பொய். எது?

மூடியை எடுத்துக்கொண்டு பெயின்ட் கடைக்குப் போனேன்.

அங்கே பில் போடும் அத்தை எனக்குக் குழந்தையிலிருந்து பழக்கம். அம்மாவும் அவரும் ஒரே சாப்பாட்டு டப்பாவில் கைவிட்டுச் சாப்பிட்டவர்கள். அம்மா உட்கார்ந்திருந்த இடத்தில் இப்போது கலக்கும் இயந்திரம் ஒன்று உறுமிக்கொண்டிருந்தது. மூடியைக் கொடுத்தேன்.

"இது என்ன ஷேடுன்னு மிஷின்ல பாக்கணும் அத்தே."

அவர் வாங்கிப் பார்த்தார். இயந்திரத்தின் பக்கம் திரும்பவே இல்லை.

"இது உங்கம்மாவோட கடைசி வருஷத்துப் பச்சை."

"அப்படின்னா?"

"உக்காரு." ஸ்டூலை இழுத்துப் போட்டார். "இங்க இருந்த கடைசி வருஷம் அவ கலந்த டப்பா சிலது திரும்பி வந்துச்சு. சுவரோட சேரல, நீலம் அடிக்குதுன்னு. ஒண்ணு வந்தா கொத்தனார் மேல சொல்லலாம். நாலஞ்சு வந்துச்சு. நான் பில்லுல எதையாவது சொல்லிச் சமாளிச்சு, மிஷின்ல மறுபடி கலந்து அனுப்பிடுவேன்."

"அம்மாகிட்ட சொன்னீங்களா?"

"எப்படிடி சொல்றது? பாடறவகிட்ட போய் சுருதி சேரலன்னு சொல்ற மாதிரி. அப்புறம் ஒருநாள் அவளே, மிஷின் வந்துருச்சு, நான் எதுக்கு எடத்தை அடைச்சுக்கிட்டுன்னு எழுந்து போயிட்டா. தெரிஞ்சு போனாளா, தெரியாம போனாளா, எனக்கு இன்னும் புரியல."

"கண்ணா?"

"புரைதான். அப்ப எனக்கும் தெரியாது. இந்த வருஷம் எனக்கு ஆபரேஷன் பண்ணி கட்டைப் பிரிச்சாங்க பாரு, உலகமே நீலமா இருக்கு! நர்ஸோட சட்டை நீலம், வாசல் நீலம். என்னடா இது, இத்தனை நாளா இதெல்லாம் மஞ்சளாவா பாத்துக்கிட்டிருந்தேன்னு ஆயிடுச்சு. உடனே அவ டப்பாதான் ஞாபகம் வந்துச்சு. சொல்லலாம்னு இருந்தேன். வீட்டுக்கு வந்து பக்குவமா சொல்லணும்னு..." மூடியை என் கையில் வைத்து மூடினார். "அதுக்குள்ள உங்கப்பா போன் வந்துச்சு."

என் பையில் ஒரு காப்புக் கண்ணாடி எப்போதும் இருக்கும். வேலையிடத்தில் நீல விளக்கோடு இருக்கும்போது கண்ணில் மாட்டிக்கொள்வது; தேன் நிறம். நீல ஒளியை உள்ளே விடாது. புரை விழுந்த கண்ணும் ஏறக்குறைய அந்த வேலையைத்தான் செய்கிறது. வீட்டுக்கு வந்ததும் அதை மாட்டிக்கொண்டு சமையலறைக்குப் போனேன். உப்பு டப்பா, சர்க்கரை டப்பா. எனக்கு எப்போதும் ஒன்றாகத்தான் தெரிந்தவை. இப்போதும் ஒன்றாகத்தான் தெரிந்தன. இதில் ஒன்றும் நிரூபணமாகவில்லை.

துவைக்கும் இயந்திரத்தருகே போனேன். நான்காவது ஜாடியின் தெளிந்த நீரில் ஒரு கரண்டி பாசி நீர் விட்டேன். மங்கலாக, மஞ்சள் பாய்ந்த பச்சை. அதன் பக்கத்தில் அம்மாவின் மூடியைப் பிடித்தேன்.

இரண்டும் ஒரே நிறம்.

கண்ணாடியைக் கழற்றினேன். வேறு வேறு. மாட்டினேன். ஒன்று.

அவள் தவறாகப் பொட்டு வைக்கவில்லை. தண்ணீரை எந்தக் கண்ணால் பார்த்தாளோ அதே கண்ணால்தான் பெயின்டையும் கலந்திருக்கிறாள். அவளுக்கு இரண்டும் சேர்ந்திருந்தன. அவள் கண்ணுக்கு அந்தப் பொட்டு சரி. என் கண்ணுக்கு அது விஷம்.

கண்ணாடியோடே கூடத்துக்கு வந்து தொட்டியைப் பார்த்தேன். நீலம் இல்லை. சுருள்கள் எல்லாம் சாம்பலும் பழுப்புமாக, பலமுறை துவைத்த துணி மாதிரி இருந்தன.

மாப்பிள்ளை வெளுத்துட்டான்.

பெரும்பாலான உயிர்களில் நாம் பார்க்கும் நீலம் வெளிச்சம் காட்டும் வித்தை. அந்த உடம்பில் நீலச் சாயம் கிடையாது. இந்த மீன் விலக்கு. இதில் இருப்பது நிஜச் சாயம். அது எங்கும் போகவில்லை. வெளுத்தது அவளுடைய கண். அவள் அதை மீனின் பசி என்று நினைத்து, ஜாடி வாங்கி, குழாய் போட்டு, பாசி வளர்த்து, மீன்கடைக்கே கொடுக்கும் அளவுக்குப் பெருக்கியிருக்கிறாள். அவ்வளவு ஊட்டியும் நீலம் திரும்பியிருக்காது. அப்போது என்ன நினைத்தாள்? இன்னும் பசி என்றா? அல்லது தெரிந்துவிட்டதா? கடையை விட்டு எழுந்து வந்தவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்திருந்தால் கண் ஆஸ்பத்திரிக்கு ஏன் போகவில்லை? மீனை ஏன் குறை சொன்னாள்? இந்தக் கேள்விகளைச் சுற்றிச் சுற்றி வந்தேன். ஒவ்வொரு சுற்றிலும் வேறு அம்மா வந்தாள்.

"அப்பா, அம்மா கண்ணைப் பத்தி ஏதாவது சொல்வாளா?"

"கண்ணைப் பத்தியா? இல்லையே." யோசித்தார். "டியூப்லைட்டைத்தான் திட்டுவா. மஞ்சளா எரியுது, மாத்துங்க மாத்துங்கன்னு. நானும் மாத்திக்கிட்டே இருந்தேன். புதுசு போட்டாலும் மஞ்சள்ங்கறா. கடைக்காரன்கிட்ட போய் சண்டை போட்டேன், பழசைக் குடுத்து ஏமாத்தறியான்னு." என் முகத்தைப் பார்த்தார். "ஏன் பாப்பா?"

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கடைசிவரை கேட்டுவிட்டு எழுந்து போய் டியூப்லைட்டுக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார்.

"அப்போ அந்தக் கடைக்காரன் நல்லவன்தானா?"

ஞாயிற்றுக்கிழமை மீன்கடைக்காரர் வலையும் பையுமாக வந்தார். நான்காவது ஜாடி என் கையில் இருந்தது. அதைத் தொட்டியில் கவிழ்த்தால் மாப்பிள்ளை இன்று தின்னும். அதோடு அம்மா வளர்த்த பொடிசுகளின் வம்சம் முடிந்துவிடும், பிறகு மாப்பிள்ளையும். வைத்துக்கொண்டால் மாப்பிள்ளையை அனுப்ப வேண்டும். வேறு கணக்கு இல்லை. தெரிந்தும் ஜாடியைக் கீழே வைக்காமல் நின்றேன். அப்பா வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். சண்டை போடத்தான் போகிறார் என்று நினைத்தேன்.

"அங்க யாரும் தொட்டியைத் தட்ட மாட்டாங்களே?" என்றார்.

"பல்வலியோட வர்றவன் மீனையா தட்டப்போறான்? தாடையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பான்."

அப்பா வழியை விட்டார். பையை அவரே விரித்துப் பிடித்தார். நீர் சிந்தாமல், பேருந்தில் கர்ப்பிணியை ஏற்றுவதுபோல் அவ்வளவு மெதுவாக. மீன்கடைக்காரர் பையைக் கட்டிக்கொண்டே, "அப்ப எடுத்துட்டுப் போறேன்" என்றார்.

"போறேன்னு சொல்லாதய்யா. போயிட்டு வருவான்."

மூன்று ஜாடிகளையும் கழுவிக் காயவைத்தேன். பொட்டுகளைச் சுரண்டவில்லை. நான்காவதில் இருந்ததை நான்காகப் பிரித்து ஊற்றினேன். பலகைக்குப் பக்கத்தில் ஆணி அடித்துக் காப்புக் கண்ணாடியை மாட்டினேன். இப்போது ஊற்றும்போது அதை அணிந்துகொண்டு, அம்மாவின் பொட்டுக்குச் சேர்க்கிறேன். சேர்ந்ததும் நிறுத்துகிறேன். தண்ணீர் தெளியும்வரை காத்திருக்கிறேன். தகட்டை மாற்றவில்லை. கருவியை மாற்றிக்கொண்டேன். இது சரியான முறை என்று என் வேலையிடத்தில் யாரிடமும் சொல்ல மாட்டேன். ஆனால் புள்ளிகள் துள்ளுகின்றன. ஜாடிச் சுவரில் இடம் குறைந்துகொண்டு வருகிறது.

முதல் அறுவடையை ஒரு சின்னப் பாட்டிலில் எடுத்துக்கொண்டு அப்பாவும் நானும் பல் டாக்டர் கிளினிக்குக் கிளம்பினோம். அங்கே தேவையில்லை என்று தெரியும். வெறுங்கையோடு போக அப்பாவுக்கு மனம் வரவில்லை. கிளம்பும்போது அவர் ஆணியிலிருந்த கண்ணாடியையும் எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

காத்திருப்போர் அறை. பிளாஸ்டிக் நாற்காலிகள். கன்னம் வீங்கிய ஒருவர். வரவேற்பு மேசையில் இருந்த பெண், "யாருக்குப் பல்?" என்று கேட்டாள்.

"பல்லெல்லாம் நல்லா இருக்கும்மா," என்றார் அப்பா. "எங்க மாப்பிள்ளை இங்க இருக்கான். பாக்க வந்தோம்."

அவள் உள்ளே டாக்டர் அறையைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள், ஒன்றும் புரியாமல் உட்காரச் சொன்னாள்.

தொட்டிக்கு நேரே உட்கார்ந்தோம். கல்லின் மடிப்பிலிருந்து மாப்பிள்ளை வெளியே வந்தது. வயிறு உருண்டிருந்தது. கொத்தியது, நகர்ந்தது, கொத்தியது. வெள்ளை வெளிச்சத்தில் நீலம் கண்ணைப் பறித்தது. இந்த நீலத்தை அம்மா கடைசியாக எப்போது பார்த்தாள் என்று கணக்குப் போட முயன்றேன். வரவில்லை.

அப்பா சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்தார். தன் மூக்குக் கண்ணாடிக்கு மேலேயே அதை மாட்டிக்கொண்டு முன்னால் குனிந்தார். வெகுநேரம் பார்த்தார்.

"அவளுக்கு இப்படியா தெரிஞ்சுது?"

"தெரியலப்பா. கிட்டத்தட்ட."

"வெளுத்துத்தான் போயிருக்கான்." மூச்சை இழுத்துவிட்டார். "அவ சொன்னது சரிதான் பாப்பா."

"அவன் வெளுக்கலப்பா. அது கண்ணாடி."

"தெரியும். தெரியும்."

கன்னம் வீங்கியவரை உள்ளே கூப்பிட்டார்கள். அவர் எழுந்து போகும்போது இரட்டைக் கண்ணாடி போட்ட கிழவரைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார். அப்பா கண்ணாடியைக் கழற்றவில்லை.

"இன்னும் கொஞ்சம் கொத்துடா," என்றார் மீனிடம். "பசின்னு நெனச்சுட்டா அவ, பாவம்."